ரிச்சி தெருவின் ஜாய்ஸ்டிக் வைத்தியம்

கம்ப்யூட்டர் வாங்குவது படிப்புக்கு, விளையாட்டுப் பெட்டி வாங்குவது பிள்ளை கெட்டுப்போவதற்கு என்கிற சித்தாந்தம் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மத்தியதரக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருந்த காலம் ஒன்று உண்டு. தகப்பனார் பாங்கியிலோ சர்க்கார் உத்தியோகத்திலோ இருப்பார்; பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்தோ, தவணை முறையிலோ ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கூடத்து மூலையில் ஸ்தாபிதம் செய்துவிடுவார். பிளேஸ்டேஷன் என்று ஒன்று இருப்பதாகப் பிள்ளை வாயெடுத்தால், அதெல்லாம் பணக்காரர் வீட்டு விவகாரம் என்று பேச்சை அத்துடன் முடித்துவிடுவார். பிள்ளையும் விடுவதாக இல்லை. பெட்டி கிடைக்காவிட்டால் போகட்டும், அதன் கைப்பிடியை மட்டுமாவது வாங்கிப் படிப்புக்கென்று வந்த கம்ப்யூட்டரிலேயே பொருத்திவிடலாம் என்று அவன் உபாயம் தேடினான். பிற தேசங்களில் பொழுதுபோக்குப் பித்தர் சிலரின் விநோத ஆசையாக இருந்துவந்த இந்தக் காரியம் சென்னையில் ராஜபாட்டையாகவே ஆகிவிட்டதற்கு, தகப்பனார்களின் அந்தச் சித்தாந்தமே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒன்றுக்கென்று செய்த கைப்பிடியை மற்றொன்றில் செருகினால் கோளாறு வராமல் இராது. கோளாறு வந்தால் அதை நிவர்த்திப்பவர் ஒருவரும் வந்தே தீருவார். அப்படி வந்தவர்களின் தொழிலைப் பற்றியதே இக்கட்டுரை.

ரிச்சி தெரு என்று ஊரார் சொல்வது ஒரு தெருவை மட்டும் அன்று. அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பினால், ரிச்சி தெரு, மீரான் சாகிபு தெரு, அவற்றை இணைக்கும் சந்துகள், அந்தச் சந்துகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகையும் ஒரு விளக்கும் போட்டு நடத்தப்படும் கடைகள் ஆகிய யாவும் சேர்ந்த ஒரு பிரதேசத்துக்கே அப்பெயர் வழங்குகிறது. பக்கத்தில் பிளாக்கர்ஸ் சாலையில் கேஸினோ தியேட்டர் இருக்கிறது. ரகுபதி வெங்கையா 1914-ஆம் ஆண்டு கட்டிய கெயிட்டி கொட்டகை நின்றதும் அதே சாலையில்தான். சினிமாவின் நிழலில் அமைந்த இந்த மூலையில் ரேடியோ உறுப்புகளை விற்கும் கடைகள் திரண்டன. ரேடியோ மோகம் சென்னைக்குப் புதிதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் மெட்ராஸ் பிரெஸிடென்ஸி ரேடியோ கிளப் ஏற்பட்டு ஒலிபரப்பும் நடத்திற்று. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்துக்கொண்ட அக்காலத்தில், அது ஊமையாகிப்போனால் புதிது வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் தொலைக்காட்சி வந்தபோதும், அதன்பின் வீடியோ டெக்குகள் வந்தபோதும், பின்னர் கம்ப்யூட்டர் வந்தபோதும் ரேடியோக்காரர்களின் மேஜையில் சாமான்கள் மாறினவே தவிர, மேஜை மாறவில்லை. சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, மீட்டர் இம்மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றைக் காட்டிலும் முக்கியமாக, பழுதைத் தேடுகிற முறையும் அப்படியே இருந்தது: சந்தேகத்துக்கு இடமான உறுப்பை விலக்கி, நல்லதென்று நிச்சயமாய்த் தெரிந்த மற்றொன்றை அதன் ஸ்தானத்தில் வைத்துப் பார்ப்பது. இந்த முறை பிற்காலத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதை மேலே காண்போம்.

கைப்பிடி வைத்தியத்தின் முதல் அத்தியாயத்தில் கம்ப்யூட்டருக்கு இடமே இல்லை. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பெட்டியின் நகல்கள், லிட்டில் மாஸ்டர் முதலிய பல நாமங்களோடு தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்பனையாயின. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தருகே தோன்றிய பர்மா பஜாரிலும், பாண்டி பஜார்க் கடைகளிலும் சிறுவர்கள் அவற்றைக் கண்டு ஏங்கி நின்றார்கள். சிங்கப்பூருக்குக் குருவியாகப் போய்வருகிறவர்களின் பெட்டியில் வந்தவையும் உண்டு. அந்தக் கைப்பிடியைத் திறந்து பார்த்தால் அதன் ரகசியம் மிக எளியது. பிளாஸ்டிக் பொத்தானுக்குக் கீழே குமிழ் குமிழாக எழுந்த ரப்பர்த் தகடு ஒன்று. ஒவ்வொரு குமிழின் அடியிலும் கறுப்பாக ஒரு கார்பன் வில்லை. அதற்கு நேர் கீழே பலகையில் விரல்கள் கோத்தாற்போல் இரண்டு தடங்கள். பொத்தானை அமுக்கினால் வில்லை இரு தடங்களையும் சேர்த்துவைக்கும். பலகையிலுள்ள சில்லு அந்தச் செய்தியை ஐந்தே கம்பிகளின் வழியாகப் பெட்டிக்கு அனுப்பிவைக்கும். முறுக்கும் சீடையும் தின்ற கையின் எண்ணெய், வியர்வை, தூசி இவை வில்லையின் மீது படிந்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் மாரியோ குதிக்கமாட்டான். வைத்தியமும் எளியதே. ஸ்பிரிட் தொட்ட பஞ்சினால் தடத்தைத் துடைப்பார்கள். கார்பன் தேய்ந்துபோயிருந்தால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வில்லையின் அளவுக்கு வட்டமாக வெட்டி ஒட்டுவார்கள், டி.வி. ரிமோட்டுக்குச் செய்ததும் இதே வைத்தியந்தான். கைப்பிடிக்குள் கம்பி நுழையும் கழுத்தில் உட்கம்பி முறிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டியெறிந்து, நிறம் பார்த்து ஐந்தையும் மறுபடி பற்றவைப்பார்கள். பழுது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு அகப்பட்டது. பெசன்ட் நகர்ப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றால் செருகிகளில் பச்சைக் களிம்பு ஏறுவது தனி உபத்திரவம். அதையும் சுரண்டி எடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டர் வந்து சேர்ந்ததும் பழுது கண்ணை விட்டு மறைந்துகொண்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே, ஜாய்ஸ்டிக் பொருத்துவதற்கென்று 15 ஊசித் துளைகள் கொண்ட ஓர் அட்டையையும் தனியே விற்றது. 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை அந்தத் துளையைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு வந்த பிறகு, பாட்டுக் கேட்பதற்கென்று அட்டை வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஜாய்ஸ்டிக் வாசலும் இனாமாகக் கிடைத்தது. அதன் உள் ஏற்பாடு சற்றே வேடிக்கையானது. குச்சியை அசைத்தால் அதனடியில் உள்ள மின்தடை கூடிக் குறையும். அந்தத் தடையின் வழியாக ஒரு கபாஸிட்டர் நிரம்புவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கையே குச்சியின் நிலை. வேகமான கம்ப்யூட்டர் அதே நேரத்துக்குள் அதிகமாக எண்ணிவிடும் அல்லவா? ஆகையால் ஒரு யந்திரத்தில் நேராக ஓடிய கார், புது யந்திரத்தில் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதும். ஒவ்வொரு விளையாட்டும் தொடங்குமுன், குச்சியை மேல் இடது மூலைக்குத் தள்ளிப் பொத்தானை அமுக்கு, கீழ் வலது மூலைக்கு இழுத்துப் பொத்தானை அமுக்கு என்று ஒரு பூர்வாங்கச் சடங்கை நடத்திவைத்தது இதனால்தான். சடங்கை ஒழுங்காகச் செய்யாதவர்கள் கைப்பிடி கெட்டுவிட்டதென்று கடைக்கு எடுத்துவந்தார்கள். கடைக்காரர் பைசா செலவில்லாமல் அதைச் செய்துகாட்டி, கூலி வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. தெரிந்தவன் சொல்லுக்குக் கூலி உண்டு.

இதற்கிடையே, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்து, அதிர்வும் இரட்டைக் குச்சியும் கொண்ட டூயல்ஷாக் கைப்பிடி 1997-இல் பிறந்தது. கையில் பிடித்தவர் மனம் வேறொன்றை நாடாத அமைப்பு அது. அதன் ஒன்பது முனைச் செருகிக்கும் கம்ப்யூட்டருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அப்போது பிரிண்டருக்கென்று கம்ப்யூட்டரின் பின்புறத்தில் இருந்த 25 துளை வாசலின் மேல் சிலர் கண் போயிற்று. எர்ல் பில்ஹவர் என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்ட டைரக்ட்பேட் புரோ என்ற டிரைவர், விண்டோஸ் 98-க்குள் உட்கார்ந்துகொண்டு, பிரிண்டர் வாசலில் பற்றவைத்த பிளேஸ்டேஷன் கைப்பிடியை ஜாய்ஸ்டிக் என்று நம்பச் செய்தது. கைப்பிடிக்கு வேண்டிய மின்சாரத்துக்கு என்ன செய்வது? பிரிண்டருக்குச் செய்தி கொண்டுபோகும் எட்டுக் கம்பிகளில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு வைத்து, அவற்றின் மறு முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், அந்தச் சொற்ப மின்சாரமே கைப்பிடிக்குப் போதுமானதாக இருந்தது. டயோடும் 25 ஊசிச் செருகியும் அதற்கு மூடியும் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடக்கூடியவை. இப்படிப் பற்றவைத்தும் வேலை செய்யவில்லையென்றால், குற்றம் ஈயத்தில் இருக்கலாம். பயோஸில் பிரிண்டர் வாசலின் முறை மாறியிருக்கலாம். வாசலின் முகவரி 378 என்று இருக்கவேண்டியது வேறொன்றாக இருக்கலாம். விண்டோஸே 98-ஆக இல்லாமல் எக்ஸ்.பி.யாக இருக்கலாம், அதற்கு வேறு டிரைவர் தேவை. கம்பி, டிரைவர், விளையாட்டு என்னும் மூன்று அடுக்குகளில் குற்றவாளி எந்த அடுக்கில் ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பதே வைத்தியத்தின் சாரம் என்ற நிலை இங்கேதான் பிறந்தது. பின்னால் வந்ததெல்லாம் இதன் விரிவே.

2001 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசாங்கம் எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டது. அரிசியையும் ஆப்பிளையும் பற்றிப் பத்திரிகைகள் கவலையோடு எழுதின; ஜாய்ஸ்டிக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சில வருஷங்களுக்குள் சீன தேசத்து யு.எஸ்.பி. கைப்பிடிகள் டூயல்ஷாக்கின் உருவத்தை அப்படியே தரித்துக்கொண்டு, கடைகளின் முன் மாலை மாலையாகத் தொங்கின. பிளேஸ்டேஷன் கைப்பிடிகள் இரண்டை ஒரே யு.எஸ்.பி. செருகியில் இணைக்கும் மாற்றிப் பெட்டியும் கூடவே வந்தது. வாங்கியவர்களோடு வீட்டுக்குப் போனது உள்ளங்கை அகலமுள்ள ஒரு குட்டி சி.டி. அதிலுள்ள டிரைவரின் பிரயோஜனம் பெரும்பாலும் அதிர்வுக்கு மட்டுமே. அதைப் போடாவிட்டாலும் பொத்தான்கள் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. யு.எஸ்.பி.யின் பொது விதிகளுக்கு உட்பட்ட கைப்பிடியை விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் எந்தப் பொத்தானுக்கு எந்த எண் என்பதை அந்த விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கம்பெனியின் கைப்பிடியில் முக்கோணம் ஒன்றாம் எண். மற்றொன்றில் அதுவே நான்கு. வலது குச்சியின் குறுக்கசைவை ஒருவர் ஒரு பெயரால் அறிவித்தால், இன்னொருவர் அதையே வேறு பெயரால் அறிவித்தார்.

இந்தக் குழப்பத்தின் உச்சத்தில் 2006-ஆம் ஆண்டு இறுதியில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07 வெளிவந்தது. நம் ஊரில் அந்த விளையாட்டு அடைந்த கியாதியைப் பிற தேசத்தார் எளிதில் நம்பமாட்டார்கள். புதிய பதிப்பு அதற்கப்புறம் வராமற்போனதாலோ என்னவோ, ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டைகளையும் புது ஆட்டக்காரர்களையும் தாங்களே தயாரித்து அதில் ஏற்றிக்கொண்டு வெகுகாலம் ஆடினார்கள். மட்டைக்காரரின் கால் நகர்வையும் அடியின் திசையையும் அனலாக் குச்சிகளால் நடத்தும் ஏற்பாடு அதில் விசேஷம். அதற்காகவே கைப்பிடி வாங்கியவர்கள் உண்டு. வாங்கிய அன்றே சிலர் கடைக்குத் திரும்பி வந்தார்கள். அவ்விடத்துச் சம்பாஷணை ஏறக்குறைய இவ்விதமாக நடக்கும்.

“அண்ணா, இது ரைட் ஸ்டிக் வேலை செய்யலண்ணா. ஆட்டினா பட்டன் அமுக்கின மாதிரி ஆகுது.”

“சிவப்பு லைட் எரியுதா தம்பி?”

“எந்த லைட்?”

“நடுவுல அனலாக்னு ஒரு பட்டன் இருக்கு பாரு. அத ஒரு தடவ அமுக்கு.”

அவ்வளவுதான் வைத்தியம். அந்தப் பொத்தான் அணைந்திருக்கும்போது இடது குச்சி அம்புக்குறிகளாகவும், வலது குச்சி நான்கு பொத்தான்களாகவும் வேஷம் போட்டுக்கொள்ளும். விளக்கு எரிந்தால்தான் குச்சிகள் குச்சிகளாக நடந்துகொள்ளும். அதற்கும் மசியாத கைப்பிடியைக் கடைக்காரர் தம் கம்ப்யூட்டரில் செருகி, ரன் பெட்டியைத் திறந்து, ஜாய் டாட் சி.பி.எல். என்று தட்டுவார். திரையில் ஒரு சதுரம், அதன் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி, பக்கத்தில் எண்ணிட்ட சிவப்பு வட்டங்கள். குச்சியைத் தொடாதபோது கூட்டல் குறி நடுவில் நிற்கிறதா, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வட்டம் ஒளிர்கிறதா என்று பார்ப்பதே நாடி பார்ப்பது. அங்கே எல்லாம் சரியாக இருந்தால் கைப்பிடியின் மேல் குற்றமில்லை, போய் விளையாட்டின் அமைப்பைப் பார் என்று அனுப்பிவிடுவார். அங்கேயே கோணலாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். பழைய ரேடியோக்காரரின் மாற்று உறுப்புச் சோதனையும் மறையவில்லை: கடைக் கைப்பிடியை வந்தவரின் லாப்டாப்பிலும், வந்தவரின் கைப்பிடியைக் கடைக் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்த்தால், நாலு நிமிஷத்தில் நியாயம் விளங்கிவிடும்.

அதே 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் மைக்ரோஸாப்டின் விளையாட்டுப் பெட்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதனோடு எக்ஸ்-இன்புட் என்ற புதிய வழக்கமும் வந்தது. பொத்தான்களின் பெயரையும் ஸ்தானத்தையும் மைக்ரோஸாப்ட் இதில் ஒரேயடியாக வரையறுத்துவிட்டது. இனிமேல் எண் குழப்பம் இல்லை. ஆனால் புதிய விளையாட்டுகள் பல எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியின் குரலுக்கு மாத்திரமே செவிசாய்த்து, மாலையாகத் தொங்கிய சீனக் கைப்பிடிகளைத் திரும்பியும் பார்க்க மறுத்தன. கடைக்காரரின் சிவப்பு வட்டங்களில் எல்லாம் ஒழுங்காக ஒளிரும். விளையாட்டுக்குள் நுழைந்தால் கைப்பிடி செத்த பாம்பு! பழைய ஸ்க்ரூ டிரைவர் வைத்தியத்துக்கு இங்கே வேலையே இல்லை. எக்ஸ்-360-சி.ஈ. என்ற சிறு நிரலை விளையாட்டின் கோப்புறையிலேயே வைத்து, சாதாரணக் கைப்பிடி எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியின் குரலில் பேசும்படி செய்வதே பரிகாரம். இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள் அல்லர். கல்லூரி விடுதிகளிலும் வீட்டு மாடியறைகளிலும் உட்கார்ந்த பையன்கள். தகப்பனார் படிப்புக்கென்று வாங்கிய யந்திரத்தில் பிள்ளை கற்ற முதல் கம்ப்யூட்டர் சாஸ்திரம் இதுவாகவே பல வீடுகளில் இருந்தது என்றால் தகப்பனார்கள் மன்னிக்கவேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியையே விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. கம்பியில்லாத 360 கைப்பிடிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு கேபிள் உண்டு. அதன் முனை யு.எஸ்.பி.யாக இருப்பதைக் கண்டு, அதைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் விளையாடலாம் என்று எண்ணியவர்கள் ஏராளம். அந்தக் கேபிள் மின்சாரத்தை மட்டுமே கொண்டுவரும். செய்தி எதையும் கொண்டுவராது. தனியே ஒரு ரிஸீவர் வாங்கித் தீரவேண்டும். பிளேஸ்டேஷன் 3-இன் கைப்பிடியோ வேறுவிதமான பிடிவாதம் கொண்டது. கம்ப்யூட்டர் அதனிடம் ஒரு குறிப்பிட்ட கட்டளையைச் சொல்லி எழுப்பினாலொழிய அது ஒரு பொத்தானின் செய்தியைக்கூட அனுப்பாது. நான்கு விளக்குகளையும் மினுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தக் கட்டளையைச் சொல்வதற்கென்று வெளியார் எழுதிய டிரைவர்கள் வந்தன. 64-பிட் விண்டோஸ், கையெழுத்தில்லாத டிரைவரை ஏற்க மறுத்தது. கம்ப்யூட்டர் எழும்போது எப்-8 விசையைத் தட்டி, அந்தக் காவலை அன்றைக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளும் வித்தை வாய்மொழியாகப் பரவிற்று. 2007 ஜனவரியில் வெளியான விண்டோஸ் விஸ்டா, பழைய 15 ஊசி வாசலுக்கு இருந்த ஆதரவை அடியோடு கைவிட்டுவிட்டதையும் இங்கே சொல்லவேண்டும்: நல்ல நிலையிலிருந்த கைப்பிடிகள் ஒரு பழுதும் இல்லாமலேயே அன்று செத்தன. அவற்றுக்கு எந்தச் சந்திலும் வைத்தியம் இல்லை.

தண்ணீரால் வந்த பழுதும் உண்டு: 2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளின் தரைத்தளத்தில் இருந்த யந்திரங்கள் முழுகின. சேற்றுநீரில் நனைந்த சாமானை உடனே மின்சாரத்தில் செருகாமல், பிரித்து, நல்ல நீரிலும் பிறகு ஸ்பிரிட்டிலும் கழுவி, நன்றாக உலர்த்தியபின் சோதிப்பதே முறை. பொறுமையில்லாமல் உடனே செருகிப் பார்த்தவர்களின் சாமான்களே மீளாமற் போயின.

இதே காலத்தை ஒட்டி டிரைவர் தொல்லை பெருமளவுக்கு ஓய்ந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கைப்பிடிக்குக் கம்ப்யூட்டர் டிரைவரை மைக்ரோஸாப்ட் 2014-இல் வெளியிட்டது. 2016-இல் புளூடூத் கொண்ட கைப்பிடி வந்தது. அவ்வருஷ இறுதியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் தளம், பிளேஸ்டேஷன் 4-இன் கைப்பிடியைத் தானே ஏற்றுக்கொண்டது. மூன்றடுக்குச் சந்தேகத்தில் நடு அடுக்கு இவ்வாறு கரைந்துபோகவே, ரிச்சி தெருவின் வைத்தியம் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றிவிட்டுப் பழைய ஈயக் கம்பிக்கே திரும்பியிருக்கிறது. இன்று வரும் வியாதி பெரும்பாலும் டிரிஃப்ட். யாரும் தொடாமலேயே ஆட்டக்காரன் மெல்ல இடதுபுறமாக நடந்துபோகிறான். குச்சியின் அடியிலிருக்கும் மின்தடையின் கார்பன் தடம் தேய்ந்து, அதன் தூள் தொடுமுனையில் ஒட்டிக்கொள்வதே காரணம். கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் சில நாட்களுக்குச் சரியாகும். பிறகு மறுபடி நடக்கத் தொடங்குவான்.

நிரந்தரப் பரிகாரம் குச்சியையே மாற்றுவது. இந்தச் சிறு உறுப்பு பலகையில் பதினான்கு இடங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது: இரண்டு மின்தடைகளுக்கு மும்மூன்று, அமுக்கும் ஸ்விட்சுக்கு நான்கு, உலோகச் சட்டத்தின் கால்கள் நான்கு. சட்டத்தின் கால்கள் பலகையின் செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும், ஈயம் உருகாது. அவசரக்காரர் நெம்பி இழுத்தால் துளையின் உட்பூச்சு பிய்ந்து வந்துவிடும், அதோடு பலகையும் போயிற்று. கைதேர்ந்தவர் பழைய ஈயத்தின் மேல் முதலில் புது ஈயத்தைச் சேர்ப்பார். பார்ப்பவருக்கு இது விபரீதமாகத் தோன்றும். கலந்த ஈயம் சீக்கிரம் உருகும் என்பது அவருக்குத் தெரியும். பதினான்கையும் உறிஞ்சியெடுத்தபின் குச்சி தானாகவே கழன்று உள்ளங்கையில் விழும். இப்போது காந்தத்தால் இயங்கும் ஹால் குச்சிகளும் கிடைக்கின்றன. அவற்றில் உரசித் தேயும் தடம் இல்லாததால் அந்த வகைத் தேய்மானமும் இல்லை. விலை கூடுதல், கைப்பிடியின் மாடலுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கவேண்டும், பொருத்தியபின் நடுநிலையை மீண்டும் சரிசெய்யவேண்டும். அதைச் சரிபார்ப்பதற்குக் கடைக்காரர் ரன் பெட்டியில் இன்றைக்கும் தட்டுவது ஜாய் டாட் சி.பி.எல். என்றுதான்.